ஈரத் தரையும் லெட்சுமியக்காவின் கையும்

துணிக்கடையில நிக்கிறவங்களுக்கு வாய் இருந்தா போதும்னு சொல்வாங்க. மழைக்காலத்துல தரை துடைக்கிற மொப்பும் வேணும். நாள் பூரா நின்னு கால் வீங்கிப்போன கவுண்டர்காரங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். எங்க கடை இலங்கை மலைநாட்டுல, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவுல இருக்கிற நோர்வூட்டுல.

வாசல்ல செருப்பு

போன வருஷம் முதலாளி பழைய சிமெந்துத் தரையை உடைச்சு வெள்ளை டைல்ஸ் போட்டாரு. முகம் பாக்கலாம், அப்படி ஒரு மினுக்கம்! தோட்டத்து ஆளுங்க வந்தா வாசல்லயே செருப்பைக் கழட்டிருவாங்க. வெறுங்காலு, அதுவும் மழையில நனைஞ்ச காலு. "ஐயோ, போட்டுக்கிட்டே வாங்களேன்"னு தொண்டை கிழியக் கத்துவேன். தேயிலைக் கொழுந்தெடுக்கிற லெட்சுமியக்கா சிரிப்பாங்க. "சாமி ரூம் மாதிரி வச்சிருக்கீங்க, அதுல போய் எப்படித் தங்கச்சி செருப்போட மிதிக்கிறது?"

போர்டு

இங்க ஸ்கூல்ல படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தங்க ஒரு நாள் வழுக்கி, நல்ல வேளை, மேசையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "பிள்ளை, இதில ஒரு விரிப்புப் போடச் சொல்லுங்கோ. ஆரும் விழுந்தா கடைதான் பொறுப்பு"ன்னாங்க.

அப்படியே முதலாளிகிட்ட சொன்னேன். மனுஷன் விரிப்பு வாங்கல. "வழுக்கும், கவனம். விழுந்தால் கடை பொறுப்பல்ல"ன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி மாட்டினாரு. வாசிக்கத் தெரியாத லெட்சுமியக்கா அதை அண்ணாந்து பாத்துட்டு ஆசையா கேட்டாங்க: "என்ன தங்கச்சி, சீலைக்கு விலை குறைச்சிருக்கா?"

கீழ விழாத சீலை

லெட்சுமியக்கா மகளுக்கு வயசுக்கு வந்த சடங்கு. சீலை எடுக்க வந்தாங்க. அன்னைக்கும் மழை. "சேத்துக் காலைப் பாரு, துடை துடை"ன்னு முதலாளி விரட்ட, சோப்புத் தண்ணி போட்டுத் துடைச்சுக்கிட்டிருந்தேன், இன்னும் காயல. அக்கா அரக்குக் கலர் சீலையை வெளிச்சத்துல பாக்கணும்னு வாசல் பக்கம் கொண்டு போனாங்க.

சடார்னு ஒரு சத்தம். இடது கையால சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வலது கையை ஊனிட்டாங்க. மணிக்கட்டு திரும்பிக் கிடந்துச்சு. மொப்போடயே ஓடினேன். அந்த வலியிலயும் அக்கா என்கிட்ட நீட்டினது சீலையைத்தான். "அழுக்குப் படல, பாத்துக்க தங்கச்சி."

நான் சொன்ன சாட்சி

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் நியாயம் கேட்டு வந்தாரு. "தரை ஈரமா இருந்துச்சாம்மா?" முதலாளி என் மூஞ்சியவே பாத்தாரு. எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். "இல்லைங்க, அவங்கதான் செருப்பில்லாம வந்தாங்க"ன்னேன். செருப்பில்லாதது நெசம். ஈரமில்லைங்கிறது பச்சைப் பொய். தலைவர் சலிச்சுப்போய் எழும்பினாரு. "விழுந்த மனுஷியும் தன் கவனக்குறைவுன்னுதான் சொல்லுது. அப்புறம் நான் என்னத்தப் பேச?"

கட்டுப் பிரிச்ச பிறகு

கட்டுப் பிரிச்சும் கை மடங்கல. கொழுந்தெடுக்க ரெண்டு கையும் ஓடணுமே! இனி அக்கா கொழுந்து மலைக்குப் போக முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. கேட்டதும் அவங்க குடியிருக்கிற லயத்துக்குப் போய்க் காலடியில உக்காந்து அழுதேன். "நான்தான்கா அப்பத்தான் துடைச்சேன். பொய் சொல்லிட்டேன்."

அக்கா இடது கையால என் தலையைத் தடவினாங்க. "தெரியும் தங்கச்சி. நான் விழுந்தப்ப உன் கையில மொப்பு இருந்துச்சே. சொன்னா முதலாளி உன்னைத்தானே வேலையை விட்டு நிப்பாட்டுவாரு? என் வீட்டுக்கு வந்த கஷ்டம் உன் வீட்டுக்கும் எதுக்குன்னு என் கவனக்குறைவுன்னே சொல்லிட்டேன்."

இப்ப மழை பெஞ்சா வர்ற ஆளு ஒவ்வொருத்தரையும் நானே போய்க் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வர்றேன், வாடிக்கையாளரை மதிக்கத் தெரிஞ்ச பிள்ளைன்னு முதலாளி என்னை ஊரெல்லாம் புகழ்றாரு.