பச்சைப் புல்லில் சப்பாத்து

என் மகனை அவனுடைய நண்பன் வீட்டார் சனிக்கிழமை கண்ட்ரி கிளப்புக்கு கோல்ஃப் ஆடக் கூட்டிப்போகிறார்கள். காலர் வைத்த சட்டை கட்டாயமா, எந்தக் காலுறை சரி என்று கிளப்புக்கு இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் யாரும் எழுதிவைக்காத விதி ஒன்று இருந்தே தீரும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

எண்பதுகளில் நாங்கள் நாடுவிட்டு வந்து ஒனிஹங்கா என்ற ஊரில் இருந்தோம். அப்பா வேலைசெய்த தொழிற்சாலையின் முதலாளி, புக்கெகோஹிப் பக்கமிருந்த தன் கிளப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஆட அழைத்தார். கொழும்பில் வீடு எரிந்தபின் யாழ்ப்பாணத்தில் ஒடுங்கியிருந்த, அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு, அந்த முதலாளி வேலை தருவதாகச் சொன்னால்தான் விசா கிடைக்கும். அப்பாவோ கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அதைப் பிரித்துவைத்து அவரிடம் கேள்வி கேட்டார். ஒருவர் அடிக்கும்போது வாய் திறக்கக்கூடாது. பந்துக்கும் குழிக்கும் நடுவே மிதிக்கக்கூடாது. மணற்பள்ளத்தில் ஆடினால் மணலை வாரிச் சமப்படுத்திவிட்டு வரவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வேலை இருந்ததால் நானும் அப்பாவோடு போகவேண்டியிருந்தது. எனவே எனக்கும் அதெல்லாம் பாடம்.

அப்பா ஒரு விதியையும் மீறவில்லை. பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து அமுக்கினார். முதலாளி அடிக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். குழி இருந்த இடத்துக்கு வந்தபோதுதான் சங்கடம். அங்கே புல் விரித்த பட்டுப்போல இருந்தது. ஒருவர் இரவல் தந்த ஆணிச் சப்பாத்தை அப்பா ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு ஓரமாக உட்கார்ந்து அதைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போனார். கோயில் வாசலில் அவர் அப்படித்தான் செய்வார். நானும் கழற்றினேன்.

முதலாளி சிரித்தார். சப்பாத்தோடுதான் ஆடவேண்டும் என்று சொல்லிக் காத்திருந்தார். அப்பா நாடாக்களைக் கட்டிமுடிக்கும்வரை பின்னால் வந்தவர்களும் மட்டையை ஊன்றியபடி நின்றார்கள். ஆட்டம் முடிந்து கிளப் மண்டபத்தில் முதலாளி மேசை மேசையாக அந்தக் கதையைச் சொன்னார், கழற்றுவதை நடித்தும் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அப்பா புதிதாகக் கேட்பவர்போலச் சிரித்தார். புறப்படும்போது முதலாளி அப்பாவின் தோளில் தட்டி, நாளைக்கு மச்சானின் விவரங்களைக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு அது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அப்பா குளிக்கப் போனதும் அம்மாவிடம் முறையிட்டேன்.

"அம்மா, அங்க எல்லாரும் அப்பாவைப் பார்த்துச் சிரிச்சவை."

அம்மா அடுப்பைக் குறைத்தார். "அப்பாவும் சிரிச்சவரோ?"

"ஓம். எல்லாரையும் விடக் கூட."

"வெளிக்கிடேக்க முதலாளி என்ன சொன்னவர்?"

மச்சான், விவரம், நாளைக்கு என்று நினைவிலிருந்ததைச் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கத்துச் சின்ன அறைக்குப் போய், தையல் மெஷினையும் பழைய பெட்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே இழுக்கத் தொடங்கினார்.

அப்பாவை அத்தனை பேர் கேலிசெய்த அன்று, அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மா ஏன் அறை ஒதுக்குகிறார் என்று நினைத்து, நான் கோபத்தோடு சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.