நாலு பொயின்டுக்கு மோட்டர்

ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தபோது என் கணவர் விடாப்பிடியாகக் கொண்டுவந்தது அவருடைய சின்ன ரயிலைத்தான். ஹவுன்ஸ்லோ வீட்டின் சிறிய அறையில், ஒரு கதவளவு பலகையில் அது ஓடியது. தண்டவாளத்தின் அகலம் என் சுண்டுவிரல் அளவு. பாதை பிரியும் இடங்கள் ஏழு; அதில் மூன்று பலகையின் பின்பக்க ஸ்டேசனுக்குப் போகிறவை. பொயின்ட் என்பார் அவற்றை. விரலால் தள்ளித்தான் ரயிலைத் திருப்புவார்.

போன வருடம் அவருக்குக் கைநடுக்கம் கூடியது. பொயின்டைத் தள்ளப்போய்ப் பெட்டிகளைத் தட்டி விழுத்தினார். பிறகு அந்த அறைக்குப் போவதையே விட்டுவிட்டார். பொயின்டுகளுக்கு மோட்டர் பூட்டித் தருகிறேன், பட்டனை அழுத்தினால் போதும் என்றேன். ஜெர்மனியில் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைத்துப் பழகிய கை என்னுடையது.

இங்கே எனக்கு விமான உணவுத் தட்டுகள் அடுக்கும் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது கால் வீங்கியிருக்கும். பலகையைச் சுவரில் நிமிர்த்திவைத்து, முழங்காலில் நின்று அடிப்பக்கத்தில் வேலை செய்தேன். முதல் மோட்டர் அடித்த அடியில் பொயின்டில் அசையும் தண்டவாளத் துண்டு, அதன் நாக்கு, கழன்று விழுந்தது. இரண்டாவதில் நாக்கைத் தள்ளுகிற கம்பி தடிப்பு. மோட்டர் முனகிச் சூடானது. அன்று தரையிலேயே படுத்துவிட்டேன். அவர் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பாதி தட்டில் சிந்தியிருந்தது.

மெல்லிய கம்பி போட்டதும் சரிவந்தது. அது வளைந்து கொடுத்ததால் நாக்கு மெதுவாக நகர்ந்து தண்டவாளத்தோடு ஒட்டி நின்றது. அவர் பட்டனை உள்ளங்கையால் அழுத்தினார்.

"ஓம், மாறுது," என்றார். திரும்பத் திரும்ப அழுத்தினார்.

நாலு முடிக்க மூன்று மாதம் போயிற்று. ஐந்தாவதைத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, பற்றவைக்கும்போதே கண்ணயர்ந்து விரலைச் சுட்டுக்கொண்டேன். அவர் என் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி நின்றார்.

"நீர் களைச்சுப்போனீர். மிச்சம் மூண்டையும் ஒட்டிவிடுவம். ரயில் நேரா போகட்டும்."

"பின்பக்க ஸ்டேசனுக்குப் போகேலாதே?"

"போகாட்டில் என்ன."

அவர் காட்டியபடி மூன்றையும் நேர்ப்பாதைக்குத் திருப்பிப் பசை போட்டு ஒட்டினேன். பின்பக்க ஸ்டேசனில் நின்ற இரண்டு பெட்டிகளும் அங்கேயே நிற்கின்றன. இப்போது காலையில் அவர் ரயில் விடுகிறார். நான் வேலைக்குச் சப்பாத்துப் போடும்போது அந்தச் சத்தம் கேட்கும்.