துண்டுக்குள் மாறிய வெள்ளி

என் தங்கையின் புருஷன் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அவளைக் கூட்டிவர, முப்பதுகளின் நடுவில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனேன். கோயமுத்தூரிலேயே பணத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கன்னபுரம் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவனுக்கு யார் புத்தி சொல்வது? இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா, காசில் ஒரே தலை, ரூபாய் எங்கே போனாலும் ரூபாய்தான் என்று நூறு ரூபாயை இடுப்பில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டேன்.

தங்கை தோட்டத்திலிருந்து பினாங்குத் துறைமுகத்துக்கே வந்து காத்திருந்தாள். அங்கே கப்பல் ஆபீஸ்காரர் என் ரூபாயைத் தொடக்கூட இல்லை. டாலர்தான் வேண்டுமாம், அங்கே அதை வெள்ளி என்பார்கள். காசு மாற்றும் கடைகளில் எல்லாப் பலகையிலும் ஒரே விலை. அந்த விலைக்கு மாற்றினால் இரண்டு டிக்கெட்டுக்கு மூன்று வெள்ளி குறைந்தது. மறுநாள் கப்பல். அடுத்த கப்பல் வரை தங்க வழியில்லை.

"நீங்க போங்ணா. நா தோட்டத்துக்கே போயிக்கறனுங்க" என்றாள் தங்கை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவள் மேல் அல்ல.

நாங்கள் நின்ற காசுக்கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து பாய். கடை முழுக்கக் கூட்டம். கூடக் கேட்டதற்கு, "பலகையில போட்டதுதான்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேர் காதில் விழும்படி எனக்கு இறங்கினால் எல்லோருக்கும் அல்லவா அவர் இறங்க வேண்டும்? சந்தையில் நாங்கள் கைமேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது எதற்காக?

தோள்துண்டை எடுத்துக் கைமேல் போட்டு நீட்டினேன். "ஏனுங்க பாய், கையக் குடுங்க."

அவர் சிரித்தார். ஆனால் கை துண்டுக்குள் வந்துவிட்டது. அவரும் ஊர்ச் சந்தையில் மாடு பிடித்தவராகத்தான் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து வெள்ளி கூட வேண்டுமென்று ஐந்து விரலையும் பிடித்தேன். அவர் என் ஒரு விரலைத் தொட்டார். உதறிவிட்டு மறுபடி ஐந்தையும் பிடித்தேன். அவர் வாய் "பலகை விலைதான், பலகை விலைதான்" என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. உள்ளே விரல்கள் இரண்டாகி, மூன்றாகி, நான்கில் வந்து அழுத்தின. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள். "எத்தனைக்குங்ணா முடிஞ்சுது?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லப்படாது கண்ணு."

நான் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

கப்பல் ஆபீஸில் எத்தனை டிக்கெட் என்று கேட்டார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று இரண்டு விரலை உயரத் தூக்கிக் காட்டினேன்.