யுத்த காலத்தில் இறந்துபோன அத்தை

‘துவரம்பருப்பைக் குக்கரில் வைத்து மூன்று விசில் வந்ததும் இறக்கவும்.’ அந்த வரியை முதல் வாசிப்பில் தாண்டிப் போய்விட்டேன். கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ்ஸில், அத்தையின் பழைய சமையல் நோட்டை மடியில் விரித்து இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அதில் கண் நின்றது. என் அத்தை இரண்டாம் உலக யுத்த காலத்தில் வைசூரி கண்டு இறந்தவள். அன்றைக்கு அக்ரகாரத்தில் யார் வீட்டில் குக்கர் இருந்தது?

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து அந்தக் காலத்து வீட்டுச் சமையலைச் சின்னப் புத்தகமாகப் போட நினைத்தார்கள். டைப்பிஸ்ட் வேலையில் இருந்ததால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்பாவின் தங்கையைப் பற்றி அவசியம் எழுத வேண்டும் என்றார்கள். பதினாறு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். அரிசி கிடைக்காத நாட்களில் மரச்சீனிக் கிழங்கையும் பலாக்கொட்டையையும் வைத்தே பத்துப் பேர் வயிற்றை நிரப்பியவள் என்று தெருவில் இன்னும் பேச்சு இருந்தது. அப்பா அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரையும் கடிந்துகூடப் பேசாத அந்த மனிதர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கேட்பதற்கு மிச்சமிருந்தவர் அவருடைய தம்பி, என் சித்தப்பா.

“வைசூரில போயிட்டா. அதுக்கு மேல எனக்கு ஓர்மையில்லை. இப்போ எதுக்கு வெறுதே அதையெல்லாம் தோண்டறே?” என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார் சித்தப்பா. அவர் மத்தியானம் கண்ணயர்ந்தபோது சித்திதான் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தாள். “அத்தையோட சமையலெல்லாம் இதுல இருக்கு. எழுதிண்டு திருப்பிக் குடுத்துடு. அவர்கிட்ட மூச்சு விடாதே.”

குக்கர் கண்ணில் பட்டபிறகு நோட்டில் இருந்த ஒவ்வொன்றும் சந்தேகமாயிற்று. விதவைக்குச் சமையலறையில் ஆகாத சின்ன உள்ளி அதில் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். அதனால் அத்தையின் உடலைத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரு சாவை மறைக்க அதைவிட வசதியான நோய் உண்டா? எதிர்த்தால் முறைக்கும் சித்தப்பாவின் கண்கள் நினைவுக்கு வந்தன. இவர்தான் அவளை ஏதோ செய்திருக்கிறார் என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். அடுத்த முறை போனபோது அவர் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சித்தி சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான், கையில் துணிப்பையோடு அவர் பாறசாலை பஸ்ஸில் ஏறுவதை நான் பார்த்திருந்தேன். மாதத்தில் முதல் சனிக்கிழமைதோறும் இந்தக் ‘கோயில்’ உண்டு என்பதைச் சித்தி வாய் தவறி உளறினாள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, அதே பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். நோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். பஸ் நேமம் தாண்டும்வரை அவர் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு எழுதத் தெரியாது. இது என் எழுத்து. அவ சொல்லச் சொல்ல நான் எழுதினது” என்றார் கடைசியில்.

“அப்போ அத்தை?”

“இருக்கா. பாறசாலைல. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர், கிறிஸ்தியானி. அவரோட போயிட்டா. ஆத்தங்கரைல தர்ப்பையில ஒரு உருவம் பண்ணிக் கொளுத்தி, தலை முழுகி, பத்து நாள் காரியமும் பண்ணியாச்சு. வைசூரின்னு தெருவுக்குச் சொன்னதும் அப்போதான்.”

“யார் பண்ணினது? நீங்களா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கு அன்னிக்குப் பதினேழு வயசு. மூத்தவன் பண்ண வேண்டிய காரியம் அது. உங்கப்பா பண்ணினான். அவன் போற வரைக்கும் அவ பேரை எடுக்கக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான். அவன் போனப்புறம் உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ அவனைத் தெய்வமாட்டமா வெச்சிருக்கே.”

நான் சந்தேகப்பட வேண்டிய ஆள் இத்தனை வருஷமாக மாலை போட்ட படமாக என் வீட்டுச் சுவரில் இருந்திருக்கிறார்.

பாறசாலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. வாசலில் சிலுவை. வாத்தியார் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வெள்ளை முண்டும் நேரியதும் உடுத்த ஒரு கிழவி அடுக்களையிலிருந்து வந்து, என்னைப் பார்த்ததும் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டாள். நான் யாரென்று சித்தப்பா சொல்லத் தேவைப்படவில்லை.

“மூக்கு அப்படியே அண்ணா மூக்கு” என்றாள். அக்ரகாரத்துப் பேச்சு ஒரு பிசிறு குறையாமல் அவள் நாக்கில் இருந்தது. “கிழக்கே பாத்து உக்காரு. இலை போடறேன்.”

சேப்பங்கிழங்கு மோர்க்குழம்பு, இடிச்சக்கைத் துவரன், புளியிஞ்சி. என் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் குனிந்தே பரிமாறினாள். இரண்டாம் முறை குழம்பு விடும்போது கரண்டி நின்றது.

“கடைசில என்னைக் கேட்டானா?”

அப்பா கடைசி மூன்று நாளும் நினைவோடுதான் இருந்தார். டாக்டரைக் கேட்டார், தம்பியைக் கேட்டார், கண்ணாடியைக் கேட்டார். சித்தப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டார் அத்தை. ரெண்டு தடவை கேட்டார்” என்றேன்.

அதுவரை பக்கத்தில் நின்றவள் முன்னால் வந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணில் நீரில்லை, கோபமுமில்லை.

“நன்னா பொய் சொல்றே. அதுவும் அவன் ஜாடைதான்” என்றாள். அப்புறம் குனிந்து, நான் வேண்டாம் என்று சொல்லும்வரை குழம்பை விட்டுக்கொண்டே இருந்தாள்.