கிருபாவதியின் இடது கை

தேனி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண் கிருபாவதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் பெண்கள் பள்ளியொன்றில் விலங்கியல் டீச்சர். பிறவியிலேயே அவளுடைய இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் தோலால் ஒட்டியிருந்தன. அதில் அவளுக்கு ஒரு கவலையும் இல்லை, கவலையெல்லாம் ஊருக்குத்தான். அம்மா அன்னத்தாய் ஊருக்குப் பயந்தவள். பள்ளிக்கூடத்தில்கூடக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பாடம் நடத்த வேண்டும் என்பது அவள் கட்டளை. பெண் பார்க்க வந்த அன்று மகளின் இடது கையில் கனத்த பைபிளைக் கொடுத்து, மேலே முந்தானையையும் இழுத்துவிட்டாள்.

"அவுக போற வரைக்கும் கையை எடுத்துறாத ஆத்தா."

எவ்வளவு பக்தியான பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப் போனார்கள். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த பலவேசம், மகன் செல்வமணிக்கு இவளையே பேசி முடித்தார்.

நிச்சயதார்த்தத்தன்று போதகர் ஜெபித்து முடித்ததும் செல்வமணி மோதிரத்தை எடுத்தான். அவர்கள் சபை வழக்கப்படி அது இடது கை மோதிரவிரலுக்குத்தான். முந்தானை விலகியது. மோதிரம் இறங்க வழியில்லை.

பலவேசத்தின் முகம் கறுத்தது. "குறையுள்ள கையை மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தீகளே! மதுரை ஆஸ்பத்திரியில அறுத்துப் பிரிச்சுட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

"மறைச்சது தப்புத்தான் மாமா. ஆனா கை குறையில்ல," என்றாள் கிருபாவதி. "ஆத்தா வயித்துக்குள்ள இருந்தப்ப உங்க விரலும் ஒட்டித்தான் இருந்துச்சு. ஊடால உள்ள சவ்வைச் சாகவிடுறது ஜீனோட வேலை. கோழிக்காலுல அந்த வேலை முழுசா நடக்குது. வாத்துக்காலுல நடக்காம நின்னுபோச்சு, அதான் நீந்துது. வவ்வாலு அந்தச் சவ்வை வச்சுத்தான் பறக்குது. பழைய ஜீனுக வேலையை மாத்தி மாத்தித்தான் இத்தனை உசுரும் உண்டாச்சு. என் கையில ஒரு இடத்துல நின்னுருச்சு, அம்புட்டுத்தான்."

"வாத்தையும் வவ்வாலையுமா நாங்க பொண்ணு கேட்டு வந்தோம்?"

ஆபரேஷனுக்குச் சரியென்று சொல்லிவிடும்படி அன்னத்தாய் அழுதுகொண்டே கெஞ்சினாள். கிருபாவதிக்கும் செல்வமணியை மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் கையை இழுத்துக்கொள்ளாமல் சுட்டுவிரலை அவனிடம் நீட்டினாள்.

"இதுவும் என் விரல்தான். இதுல போடுங்க."

செல்வமணி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுந்து உள்ளே போனாள்.

திங்கட்கிழமை கரும்பலகையில் கோழிக்காலையும் வாத்துக்காலையும் வரைந்தாள். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் இதுவரை பார்த்திராத இடது கையை விரித்துத் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் கிட்ட வாங்க. நல்லாப் பாத்துக்கிருங்க."