தரிசு என்று எழுதிய பதினான்கு வீடுகள்

சென்ற புதன்கிழமை ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, பருத்திப்பட்டிலிருந்து பால் கொண்டுவருகிறவர்தான் சொன்னார், சர்வேயர் வேதாசலம் காலமாகி மூன்று நாளாகிவிட்டது என்று. நெஞ்சுவலியாம். அதைக்கூட நான் உடனே நம்பவில்லை. இன்னும் இருவரிடம் விசாரித்துக்கொண்டேன். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் போகாது.

யுத்த காலத்தில் விமானத்தளத்துக்கு நிலம் எடுத்த ஆபீசில் அவர் சர்வேயர், நான் குமாஸ்தா. அவர் அளந்து எழுதித் தருவதை ரிஜிஸ்டரில் ஏற்றுவது என் வேலை. நிலம் அளக்கிற சங்கிலியைக் காட்டி, "சங்கிலிய நம்பு, சங்கிலி புடிக்கிறவன நம்பாத" என்பார். அளந்த வரப்பையே மறுநாள் தனியாகப் போய் மறுபடி அளப்பார். இதைப் படிக்கும் பழைய ஆபீஸ்காரர்களே, உங்களில் பலர் அதைக் கேலி செய்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஏரிக்குப் பின்னாலிருந்த நிலத்தை அளந்த பிறகு அவர் போக்கு மாறியது. ஆபீசில் பேச்சை நிறுத்தினார். நான் அருகே போனால் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். மாலையில் அந்த நிலத்திலிருந்த சேரிக்குப் போய் ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவதைப் பார்த்தேன். நிலம் போகிறவர்களிடம் தரகு பேசுகிறார் என்று முடிவு கட்டி, அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் எல்லார் முன்னிலையிலும் அவர் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் விழுந்தது. பதினான்கு வீடுகள், ஒரு கிணறு, ஒவ்வொரு வீட்டுக்கும் குடியிருப்பவர் பெயர், கைநாட்டு. நான் எழுதிய ரிஜிஸ்டரில் அந்த இடம் முழுவதும் 'தரிசு'. அவர் கொடுத்த தாளை நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். என்னிடம் வந்ததே மாற்றிய தாள். அது தெரிந்துதான் அவர் வீடு வீடாகப் போய் மறுபடி எழுதி வைத்திருக்கிறார். அதிகாரி நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. வேதாசலத்துக்கு வெளியூர் மாற்றல் வந்தது.

வீடுகளைப் பிரித்த அன்று, அங்கே குடியிருந்த கன்னியம்மாள் என்ற கூலிக்காரப் பெண் என்னிடம் வந்தாள்.

"அந்த ஐயா எம் பேர எழுதிக்கினு போனாரே சாமி, அது எங்க கீது?"

தெரியாது என்றேன். அது பொய்.

யுத்தம் முடிந்து அவர் ஊர் திரும்பியதும் வீடு தேடிப் போய், காட்டிக்கொடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பிறகு கேட்டார்: "எம் மேல சந்தேகப்பட்ட, சரி. அந்தத் தாள் மேல ஏன் உனுக்கு சந்தேகம் வரல?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பினார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். நான் இன்னும் நிலம் எடுக்கிற ஆபீசில்தான் இருக்கிறேன்; நேற்று நூம்பல் பக்கத்து நிலம் ஒன்றுக்கான தாள் என் மேஜைக்கு வந்தது. குடியிருப்போர் யாருமில்லை என்றிருந்தது. கையெழுத்துப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது ஒரு குடிசை முன்னால் ஒருவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன்.