மாப்பிள்ளைகளின் ஆயுள் கணக்கு

பெரிய மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், சின்னவள் ஜப்பானில். இந்தப் பொங்கலுக்கு இருவரும் குடும்பத்தோடு ராஜபாளையம் வந்திருந்தார்கள். காலைப் பலகாரம் முடிவதற்குள், எந்த நாட்டுக்காரர்களுக்கு ஆயுசு கெட்டி என்று என் இரண்டு மாப்பிள்ளைகளும் மல்லுக்கு நின்றுவிட்டார்கள்.

"பணக்கார நாடுன்னு பேருதான் அண்ணே. எங்க பக்கம் பெரும்பாலும் வயசாகித்தான் சாவாங்க. உங்க பக்கம் துப்பாக்கி, போதை மாத்திரை, கார் விபத்துன்னு வாலிபத்துலயே எம்புட்டுப் பேரு போறாங்க! அதுலதான் சராசரி அடிவாங்குது" என்றார் சின்னவர்.

"எண்பதைத் தாண்டிட்டா எங்க வைத்தியத்தை அடிச்சுக்க ஆளில்லை" என்றார் பெரியவர்.

"அதுவரைக்கும் இருந்தாத்தானே?" என்றாள் பெரிய மகள், அவர் தட்டில் இன்னொரு வடையை வைத்துக்கொண்டே.

வழக்கு தீரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வருகிறோம் என்று இருவரும் என் ஸ்கூட்டரில் ஏறினார்கள். இரண்டு தலையிலும் ஹெல்மெட் இல்லை. கேட்டால், "பக்கத்துலதான அத்தை, செத்த நேரத்துல வந்துருவோம்" என்கிறார்கள். இதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி!

எனக்கு வந்ததே கோபம். சாவியை உருவிக்கொண்டேன்.

"எந்த நாட்டுல வேணா இருங்க மாப்பிள்ளை. இந்த ரோட்டுல விழுந்தா எங்க கணக்குலதான் எழுதுவாங்க. எங்க சராசரியைக் கெடுக்காதீங்க!"